நிரம்பலும் நெருக்கடியும்: சர்வர் நினைவகம், வட்டுக் கேஷ், ஸ்வாப் குறித்து ஜொகூரிலிருந்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் கூலாயைத் தாண்டினால் செடெனாக். ஒரு காலத்தில் பால்மரமும் பிறகு செம்பனையுமாக இருந்த வட்டாரம் இது. இன்று சன்னல் இல்லாத நீண்ட கட்டடங்கள் அங்கே வரிசையாக எழுகின்றன. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல் மீண்டும் திறந்தபோதும் கடுமையான நிபந்தனைகளோடுதான் திறந்தது. அந்த இடைவெளியில் தேவை நீரிணையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமத்தின் 150 மெகாவாட் வளாகம், கூலாய் யங் எஸ்டேட் நிலத்தில் ஒய்டிஎல் அமைத்துவரும் 500 மெகாவாட் பூங்கா என்று கணக்கு நீள்கிறது. லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இப்போது இந்தக் கட்டடங்களுக்குள் இரவுப் பணி பார்க்கிறார்கள்.

இக்கட்டுரையின் பொருள் அந்தப் பெரிய கூடங்கள் மட்டுமில்லை. மாசாயில் ஒரு கிளினிக்கின் அலமாரிக்குள்ளும், பாசீர் கூடாங்கில் ஒரு லாரி நிறுவனத்தின் மாடிப்படிக்கு அடியிலும் இருக்கும் ஒற்றைச் சர்வர்களிலும் பெரும்பாலும் அதே லினக்ஸ் கருவகம்தான் (கெர்னல்) ஓடுகிறது. நினைவகத்தைப் பங்கிடும் விதிகளும் அதே விதிகள்தாம். வேறுபாடு ஒன்றுதான்: பெரிய கூடத்தில் அந்த விதிகளைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வருக்கு, “ரேம் நிரம்பிவிட்டது, கூடுதலாகப் போடுங்கள்” என்று சொல்லும் விற்பனையாளர் ஒருவர் மட்டுமே இருக்கிறார்.

அந்தக் கூற்றைத்தான் இங்கே ஆராய்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற எண்ணால் ஒரு சர்வரின் நலத்தை அறிய முடியாது. நினைவகத்துக்காக எந்த வேலை எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்பதை அளந்தால்தான் அறிய முடியும்.

2. சொல்லால் வரும் மயக்கம்

கேஷ் என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் தரும் சொற்களில் ஒன்று ‘பதுக்கு நினைவகம்’. சொல்லாக்கம் பிழையில்லை. எடுத்து ஒளித்து வைப்பது என்ற மூலப்பொருளை அது சரியாகவே பிடிக்கிறது. ஆனால் பதுக்கல் என்றால் நம் காதில் அரிசிப் பதுக்கல்தான் விழுகிறது. பிறர்க்குச் சேர வேண்டியதை ஒருவன் அடைத்து வைத்துக்கொள்வது. நினைவகத்தின் 9 ஜிபியைக் கேஷ் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று திரை காட்டும்போது பலருக்கும் தோன்றுவது இதே எண்ணம்தான்: எதுவோ அடைத்து வைத்திருக்கிறது, பிடுங்க வேண்டும்.

நடப்பது நேர்மாறு. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பின் பக்கங்களை, வேறு யாரும் கேட்காதவரை, கருவகம் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. அடுத்த முறை அதே கோப்பு வேண்டுமென்றால் வட்டுக்குப் போக வேண்டியதில்லை. வேறொரு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் அந்தப் பக்கங்களைக் கேள்வி இல்லாமல் கைவிடுகிறது. மூலம் வட்டில் பத்திரமாக இருப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஆள் வராத இருக்கையில் பையை வைத்திருப்பவர், ஆள் வந்தவுடன் எடுத்துக்கொள்வது போன்றது இது. எனவே இக்கட்டுரையில் ‘கேஷ்’ என்றே எழுதுகிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் ‘பதுக்கு’ என்ற சொல்லை மறுபரிசீலனை செய்யலாம் என்பது என் கருத்து.

‘ஃப்ரீ’ என்ற கட்டளையும் இதே மயக்கத்தை வளர்த்தது. அது காட்டும் ‘வெற்று’ என்ற எண், யாருமே தொடாமல் கிடக்கும் நினைவகத்தின் அளவு. நன்றாக ஓடும் சர்வரில் அது சிறியதாகத்தான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ரேம் சும்மா கிடப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. பார்க்க வேண்டிய எண் ‘கிடைக்கக்கூடியது’. ஸ்வாப்பை, அதாவது ரேமின் நீட்சியாக வட்டில் ஒதுக்கிய இடத்தை, தொடாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு தர முடியும் என்று கருவகமே செய்யும் மதிப்பீடு அது. 2014-இல் வெளியான 3.14 பதிப்பில்தான் லினக்ஸ் இந்த எண்ணைத் தரத் தொடங்கியது. அதற்கு முன் நிர்வாகிகள் கேஷையும் வெற்றையும் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டலும் முழுக்கச் சரியாக வராது. ஏன் என்பது அடுத்த பிரிவில் தெரியும்.

3. பக்கங்களின் வகைமை

கருவகம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக ஆள்கிறது. வழக்கமான சர்வர்களில் ஒரு பக்கம் 4 கேபி. 32 ஜிபி உள்ள பொறியில் ஏறத்தாழ 84 லட்சம் பக்கங்கள். நெருக்கடி வரும்போது எதைக் கைவிடலாம் என்பதைப் பொறுத்து இவை பிரிகின்றன.

3.1 கோப்புப் பக்கங்கள்

வட்டில் மூலம் உள்ளவை. தரவுக் கோப்புகள் மட்டுமல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளும் இவ்வகையே. வட்டில் உள்ளதுபோல் மாறாமல் இருந்தால் உடனே கைவிடலாம். மாறியிருந்தால், அதாவது ‘அழுக்கு’ப் பக்கமாக இருந்தால், எழுதிவிட்டுத்தான் கைவிட முடியும்.

3.2 பெயரற்ற பக்கங்கள்

நிரல்கள் ஓடும்போது தமக்கென வாங்கிக்கொண்டவை. தரவுத்தளத்தின் உள் தேக்கம், ஜாவா நிரலின் குவியல் போன்றவை. வட்டில் இவற்றுக்கு எந்தக் கோப்பும் இல்லை, அதனால் பெயரும் இல்லை. இவற்றை வெளியேற்ற ஒரே வழி ஸ்வாப். ஸ்வாப் இல்லையென்றால் நிரல் தானே விடுவிக்கும்வரை அல்லது சாகும்வரை இவை அசையா.

3.3 இரண்டுக்கும் நடுவே

‘டெம்ப்எஃப்எஸ்’ எனப்படும் நினைவகக் கோப்பகத்தில் எழுதியவை, கணக்கில் கேஷ் என்றே காட்டப்படும். ஆனால் வட்டில் மூலம் இல்லாததால் கைவிட முடியாது. தற்காலிகக் கோப்பகத்தை நினைவகத்தில் அமைத்து, அதில் யாரோ 6 ஜிபி அறிக்கைக் கோப்பை மறந்து விட்டால், கேஷ் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும் பொறி திடீரென ஸ்வாப்புக்குள் விழும். ‘கிடைக்கக்கூடியது’ என்ற எண் இதைக் கழித்தே சொல்கிறது. கையால் கூட்டினால் ஏமாறுவது இங்கேதான்.

4. தொலைவு என்னும் காலம்

இத்தனை கவனம் எதற்கு என்பதற்கு விடை, வேகங்களுக்கு இடையே உள்ள பள்ளம். நினைவகத்தில் ஒரு தரவை எட்ட ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியில் ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி. சுழலும் வட்டில், தலை நகர்ந்து தடத்தைப் பிடிக்க, ஏறத்தாழ 10 மில்லி விநாடி. எண்களாகக் கேட்டால் எல்லாமே கண்ணிமைப்புக்குள் அடங்கியவைதாம். அளவை மாற்றிப் பார்க்கலாம். மேசையில் இருக்கும் பேரேட்டை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 17 நிமிடம் ஆகும். சுழலும் வட்டிலிருந்து வேண்டுமென்றால், இன்று காலை 9 மணிக்குக் கேட்ட பேரேடு நாளை பிற்பகல் 1 மணிக்குத்தான் கைக்கு வரும்.

ஒருமுறை என்றால் பொறுக்கலாம். ஓர் எழுத்தர் ஒரு விலைச்சிட்டையைத் திறக்கும்போது அந்த நிரல் தொடும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

5. ஸ்வாப்: பிறப்பும் திணறலும்

உள் நினைவகம் போதாதபோது, புற நினைவகத்தின் ஒரு பகுதியை அதன் நீட்சிபோல் காட்டும் எண்ணம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவான அட்லஸ் கணினியில் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. அட்லஸில் உள் நினைவகம் 16 ஆயிரம் சொற்கள், சுழலும் காந்த உருளையில் 96 ஆயிரம் சொற்கள். எது எங்கே இருக்கிறது என்று நிரல் எழுதுபவர் கவலைப்பட வேண்டியதில்லை. பொறியே பக்கங்களை ஏற்றி இறக்கும்.

அந்த வசதியோடு புதிய நோய் ஒன்றும் வந்தது. பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டினால், ஒரு கட்டத்துக்கு மேல் பொறி பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே முழு நேரத்தையும் கழித்தது. மையச் செயலி வெறுமனே உட்கார்ந்திருக்க, உருளை மட்டும் ஓயாமல் உழைத்தது. இதற்கான விளக்கத்தைப் பீட்டர் டென்னிங் 1968-இல் தந்தார். எந்த நிரலும் தன் நினைவகம் முழுவதையும் ஒரே சமயத்தில் தொடுவதில்லை. ஒரு குறுகிய காலத்துக்குள் அது தொடும் பக்கங்களின் தொகுதியே அதன் பணித்தொகுதி. ஓடும் நிரல்களின் பணித்தொகுதிகள் கூடி நினைவகத்துக்குள் அடங்கினால் பொறி ஓடும். அடங்காவிட்டால் திணறும். மெல்ல மெல்லத் தளர்வதில்லை. விளிம்பைத் தாண்டியதும் சரிகிறது.

கிட்டத்தட்ட அறுபது ஆண்டுப் பழையதான இந்தக் கருத்தைவிடப் பயனுள்ள ஒன்றை இத்துறையில் நான் கற்றதில்லை. ஸ்வாப்பில் 2 ஜிபி இருப்பது தன்னளவில் தீங்கில்லை என்பதற்கு அடிப்படையே இதுதான். பொறி எழும்பியபோது ஒருமுறை ஓடிப் பிறகு யாரும் தொடாத பக்கங்கள் பணித்தொகுதிக்கு வெளியே உள்ளவை. அவை ஸ்வாப்பில் கிடந்தால், அந்த இடத்தில் அன்றாடம் வேண்டிய கோப்புகள் கேஷாக உட்காரும். நல்ல பண்டமாற்றுதான்.

6. நோயை அறிதல்: ஒரு வெள்ளிக்கிழமை

கருவிகளைப் பட்டியலிடுவதைவிட, நான் கையாண்ட ஒரு பொறியின் கதையைச் சொல்வது தெளிவாக இருக்கும். ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகம். ஒரே சர்வர், 32 ஜிபி ரேம், சுழலும் வட்டுகள். ஒரு தரவுத்தளமும் அதன் மேல் கணக்கு மென்பொருளும். 2025 பிப்ரவரியில் விற்பனையாளர் ரேமை 64 ஜிபியாக உயர்த்த விலைப்புள்ளி கொடுத்துவிட்டார். அதன்பின் எனக்கு அழைப்பு வந்தது. அந்த விற்பனையாளர் அனுப்பிய திரைப்பிடிப்புப் படத்தில் மொத்தம் 31, பயனில் 21, வெற்று 0.6, கேஷ் 9.4, ஸ்வாப்பில் 3 ஜிபி. ‘நினைவகம் 98 விழுக்காடு நிரம்பியது’ என்று சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.

அந்தப் படத்தைவிட அங்கு வேலை செய்யும் அக்கா தொலைபேசியில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு உதவியது.

“மத்த நாள் ஓகே தம்பி. வெள்ளிக்கிழமைன்னா சிஸ்டம் இழுக்குது.”

நினைவகப் பற்றாக்குறைக்குக் கிழமை தெரியாது. கிழமை தெரிந்த ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

6.1 நின்ற எண்ணும் ஓடும் எண்ணும்

ஸ்வாப்பில் 3 ஜிபி என்பது நின்ற எண். என்றோ நடந்ததன் தடம். அந்தப் பக்கங்கள் நேற்றும் போயிருக்கலாம், மூன்று மாதம் முன்பும் போயிருக்கலாம். இப்போது வலிக்கிறதா என்பதை ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகள் காட்டும். ஒவ்வொரு விநாடியும் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் அவை. கட்டளை தரும் முதல் வரியைத் தள்ளிவிட வேண்டும். அது பொறி எழும்பியதிலிருந்து கணக்கிட்ட சராசரி. அந்த முதல் வரியைப் பார்த்தே முடிவெடுத்த அறிக்கைகளை நான் ஒன்றுக்கு மேல் கண்டிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை முழுதும் அந்த இரு வரிசைகளும் சுழியத்திலேயே இருந்தன. ஸ்வாப்பில் அதே 3 ஜிபி. யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலை 9 மணி கடந்ததும் எஸ்ஓ ஆயிரங்களில் எழுந்தது. சிறிது நேரத்தில் எஸ்ஐயும் அதனோடு சேர்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் உயர்ந்து நிற்பதுதான் திணறலின் முகம்: இப்போது வெளியேற்றியதை அடுத்த நிமிடமே திரும்பக் கேட்கிறது. உள்ளீட்டு வெளியீட்டுக்காகச் செயலி காத்திருக்கும் விழுக்காடும் ஏறிக்கொண்டே போனது.

6.2 காத்திருப்பை அளத்தல்

2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 முதல் இதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யோஹானஸ் வைனர் உருவாக்கிய ‘அழுத்தத் தேக்கத் தகவல்’, சுருக்கமாக பிஎஸ்ஐ. நினைவகத்துக்கான அழுத்தக் கோப்பைத் திறந்தால் இரண்டே வரிகள். ஏதாவது ஒரு வேலையேனும் நினைவகத்துக்காகத் தடைப்பட்டிருந்த நேரத்தின் விழுக்காடு முதல் வரி. ஓட வேண்டிய எல்லா வேலைகளும் ஒருசேரத் தடைப்பட்டிருந்த நேரம் இரண்டாவது. இரண்டுக்கும் 10, 60, 300 விநாடிச் சராசரிகள் உண்டு. நிரம்பல் எவ்வளவு என்று இது சொல்வதே இல்லை, வேலை எவ்வளவு நின்றது என்பதை மட்டும் சொல்கிறது. மனிதர்கள் தொலைபேசியில் குறை சொல்வதும் அதைத்தானே. சில வெளியீடுகளில், குறிப்பாக ரெட்ஹேட் குடும்பத்தில், இது அணைத்தே வரும். எழும்பும்போது தரும் கட்டளை வரியில் ஒரு சொல் சேர்த்து இயக்க வேண்டும். இதை ஒவ்வொரு சர்வரிலும் முதல் நாளே செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நோய் வந்தபின் இயக்கினால் ஒப்பிடப் பழைய கணக்கு இருக்காது.

அந்த வெள்ளியன்று 60 விநாடிச் சராசரி முப்பதைத் தாண்டியது. வியாழனன்று அது சுழியம்.

6.3 யார், எப்போது

ஒவ்வொரு நிரலின் நிலைக் கோப்பிலும் அதன் எவ்வளவு பகுதி ஸ்வாப்பில் இருக்கிறது என்ற வரி உண்டு. அதைக் கூட்டிப் பார்த்ததில் பெரும்பகுதி தரவுத்தளத்தினுடையது. ஆனால் வெளியே தள்ளப்பட்டவன் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. தள்ளியவனைத் தேட வேண்டும். ‘சார்’ என்ற பதிவுக் கருவி அந்தச் சர்வரில் நிறுவப்பட்டிருந்தது நல்வாய்ப்பு. அதில் வாரந்தோறும் வெள்ளி காலை சரியாக 9:00 மணிக்கு மேடு எழுந்து நண்பகலுக்குச் சற்றுமுன் இறங்கியது. இவ்வளவு ஒழுங்கு மனிதரிடம் கிடையாது. நேர அட்டவணைக் கோப்பான ‘கிரான்’ பக்கம் போனேன். ஒரு வரியில் கிழமையைக் குறிக்கும் ஐந்தாவது இடத்தில் 5 என்ற எண். வெள்ளி.

ஜொகூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 2014 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அந்த அலுவலகம் மாநில விடுமுறையைப் பின்பற்றியது. வாராந்திர முழு நகலெடுப்பை யாரோ ஒருவர், அலுவலகம் மூடியிருக்கும் நாள் என்று சரியாகவே எண்ணி, வெள்ளி காலைக்கு வைத்திருக்கிறார். இடையில் சர்வர் இரண்டு முறை மாறியது. கிரான் கோப்பு மட்டும் அப்படியே நகலாகி வந்தது. விடுமுறை மாறியபோது பள்ளிகள் மாற்றின, அலுவலகங்கள் மாற்றின, கதவில் ஒட்டிய அட்டையும் மாறியது. ஐந்தாவது இடத்தில் இருந்த 5 மட்டும் மாறவில்லை. 2025-இன் முதல் வெள்ளி ஜனவரி 3. பதிவில் வேலை நேர மேடு தொடங்குவதும் அன்றுதான்.

இன்னொன்றும் பதிவில் தெரிந்தது. 2024 முழுவதும் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் எஸ்ஐ மட்டும் அரை மணி நேரம் சிறிதாக எழுந்திருக்கிறது. வெள்ளியன்று வெளியேற்றப்பட்ட தரவுத்தளப் பக்கங்கள், வாரத்தின் முதல் வேலை நாளில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்த அசைவு அது. அக்காவிடம் கேட்டேன். “ஆமா, வாரத் தொடக்கம்னா கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும். நாங்க அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடுவோம்” என்றார். பல ஆண்டுகளாக நோய் இருந்திருக்கிறது, விடுமுறை அதை மறைத்து வைத்திருந்தது.

7. எழுத்தின் பக்கம்

நகலெடுப்பு ஏன் இவ்வளவு கொடுமை செய்தது என்பதில் படிப்பைவிட எழுத்துக்குப் பங்கு அதிகம். நிரல் ஒன்று கோப்பில் எழுதினால் அது உடனே வட்டுக்குப் போவதில்லை. அழுக்குப் பக்கமாக நினைவகத்தில் நிற்கும். ஏறத்தாழ 30 விநாடி ஆனவற்றைக் கருவகம் பின்னணியில் எழுதித் தீர்க்கும். அழுக்கு, கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 விழுக்காட்டை எட்டினால் வயதைப் பாராமல் எழுதத் தொடங்கும். 20 விழுக்காட்டை எட்டினால், எழுதும் நிரலையே நிறுத்தி வைக்கும். இவை இயல்பு அளவுகள்.

கிடைக்கக்கூடியது 10 ஜிபி என்றால் 20 விழுக்காடு 2 ஜிபி. விநாடிக்கு 150 எம்பி எழுதும் வட்டுக்கு அது 13 விநாடிக்கும் மேற்பட்ட வேலை. அதுவும் வட்டு வேறெதையும் செய்யாமல் நேர்கோட்டில் எழுதினால். இங்கே அதே வட்டில் தரவுத்தளம், அதே வட்டில் நகல் கோப்பு, அதே வட்டில் ஸ்வாப். ஒரே தலை மூன்று இடங்களுக்கு ஓடியது. ஒரு விலைச்சிட்டையைச் சேமிக்கும் சிறு எழுத்துகூட, 2 ஜிபி நகல் வரிசைக்குப் பின்னால் நின்றது. விழுக்காட்டுக்குப் பதிலாக இத்தனை எம்பி என்று நேரடியாக எல்லை வைக்கவும் கருவகத்தில் இடமுண்டு. ரேம் பெருகப் பெருக விழுக்காடும் பெரிய அளவாகிவிடுவதால், மெதுவான வட்டுள்ள பொறிகளில் நேரடி எல்லையே நல்லது. ரேமை 64 ஜிபியாக்கியிருந்தால் இந்தப் பின்வரிசை இன்னும் நீண்டிருக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

8. இருமுறை வைத்தலும் கூண்டும்

தரவுத்தளங்கள் தாமே ஒரு தேக்கம் வைத்திருப்பவை. கருவகமும் அதே கோப்புகளைக் கேஷில் வைத்தால் ஒரே தரவு இருமுறை இடம் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் கருவகக் கேஷை நம்பியே வடிவமைக்கப்பட்டது. தன் தேக்கத்துக்கு ரேமில் நான்கில் ஒரு பங்கை வைத்துத் தொடங்கச் சொல்கிறது அதன் கையேடு. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி மறுபக்கம். தன் தேக்கத்தைப் பெரிதாக வைத்து, கேஷைத் தாண்டி நேராக வட்டோடு பேசுவதே அதற்கு ஏற்றது. 2024-இல் வந்த 8.4 பதிப்பில் அதுவே இயல்பாகவும் ஆனது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றில் வைப்பதால் வரும் பிழைகள் ஏராளம்.

இரட்டைச் செயலிப் பொறிகளில், ஒரு செயலியை ஒட்டிய நினைவகம் தீர்ந்து ஸ்வாப் தொடங்கும்போது மறு செயலியின் பக்கம் வெறுமையாக இருப்பதும் உண்டு. மைஎஸ்க்யூஎல் பொறிகளில் நெடுநாள் புரியாதிருந்த இந்தச் சிக்கலை ஜெரமி கோல் 2010-இல் விளக்கிக் காட்டினார். தரவுத்தளத்தின் நினைவகத்தை இரு பக்கத்துக்கும் சமமாகப் பரப்பித் தொடங்குவது தீர்வு.

நிரல்களை அடைத்து ஓட்டும் கூண்டுகளான கண்டெய்னர்களில் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. ஒரு கூண்டுக்கு 2 ஜிபி எல்லை வைத்தால், அது படித்த கோப்புகளின் கேஷும் அந்த 2 ஜிபிக்குள்ளேயே எண்ணப்படும். கண்காணிப்புத் திரையில் எல்லைக்கோட்டை முட்டி நிற்கும் கூண்டு, உண்மையில் பாதிக்கு மேல் கைவிடத்தக்க கேஷாக இருக்கலாம். கூண்டுக்கும் தனியே பிஎஸ்ஐ கணக்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு எல்லையை உயர்த்துவதே முறை.

9. தவறான மருந்துகள்

9.1 கேஷைக் கொட்டிவிடுதல்

கேஷைக் காலி செய்ய ஒரு கட்டளை உண்டு. சோதனைக்கூடத்தில் வேகத்தை அளப்பவர்களுக்காக வைத்தது. அதை மணிக்கு ஒருமுறை கிரானில் ஓடவிடும் சர்வர்கள் இருக்கின்றன. திரையில் ‘வெற்று’ எண் ஏறும், மனம் நிம்மதியாகும். அடுத்த நொடியிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் வட்டிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிய பேரேடுகளை மணிக்கொருமுறை மீண்டும் கிடங்குக்கு அனுப்புவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

9.2 ஸ்வாப்பை அணைத்துவிடுதல்

இது இன்னும் பரவலானது. கேட்க நியாயமாகவும் தோன்றும்: ஸ்வாப் மெதுவென்றால் ஸ்வாப் எதற்கு? ஆனால் ஸ்வாப் இல்லாதபோது பெயரற்ற பக்கங்கள் எதையும் வெளியேற்ற முடியாது. நெருக்கடி முழுவதும் கோப்புப் பக்கங்கள் மேல் விழும். அவற்றில் ஓடும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களும் அடக்கம். தரவுத்தளத்தின் சொந்தக் கட்டளைகளையே கைவிட்டு, அடுத்த விநாடி வட்டிலிருந்து மீண்டும் படிக்கும் நிலை வரும். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் சுழியம் காட்டும், பொறி மட்டும் அசையாது. ஸ்வாப் இல்லாத திணறல் இது. கண்டுபிடிப்பதும் கடினம். பிஎஸ்ஐ இதைக் காட்டிக்கொடுக்கும்.

அதற்கும் அப்பால் போனால் கருவகம் ஒரு நிரலைக் கொல்லும். பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பதையே தேர்ந்தெடுக்கும். அலுவலகச் சர்வரில் அது தரவுத்தளம்தான். பதிவேட்டில் ‘நினைவகம் தீர்ந்தது, நிரல் கொல்லப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். எந்த நிரலைக் காக்க வேண்டும் என்று −1000 முதல் 1000 வரையான எண்ணால் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். −1000 பெற்றதைக் கருவகம் தொடாது. ஆனால் எல்லாவற்றுக்கும் −1000 கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

என் பரிந்துரை: சிறிதளவேனும் ஸ்வாப் இருக்கட்டும், தரவுத்தளம் இருக்கும் வட்டில் இல்லாமல் வேறு வட்டில் இருக்கட்டும். ‘ஸ்வாப்பினெஸ்’ என்ற திருகு, பெயரற்ற பக்கங்களை வெளியேற்றுவதற்கும் கோப்புப் பக்கங்களைக் கைவிடுவதற்கும் இடையே எதன் விலை அதிகம் என்று கருவகத்துக்குச் சொல்வது. இயல்பு 60. சுழலும் வட்டில் ஸ்வாப் இருந்தால் 10 அளவுக்குக் குறைக்கலாம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ‘இசட்ரேம்’ பயன்படுத்தினால் 100-க்கு மேலும் ஏற்றலாம். 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து எல்லை 200.

10. ஜொகூரில் இதன் எடை

ரேம் சும்மா இருப்பதே இல்லை. டிடிஆர்4 வகைச் சில்லில் ஒவ்வொரு நுண்கலத்தின் மின்னூட்டமும் கசிந்துகொண்டே இருப்பதால், இயல்பான வெப்பநிலையில் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். பயன்படுகிறதோ இல்லையோ, அந்த மின்சாரம் போகும். அது வெப்பமாகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம் வேண்டும், பல மையங்களில் நீரும் வேண்டும். ஆண்டு முழுதும் முப்பது பாகைக்கு மேல் பகல் காயும் இந்த மண்ணில் குளிர்வித்தல் சிறு செலவில்லை. ஒரு சர்வரில் தேவையில்லாமல் ஏற்றிய 32 ஜிபி எடுப்பது சில வாட்டுகள்தாம். கூலாயில் எழும் வளாகங்களின் மெகாவாட்டுகள் அந்தச் சில வாட்டுகள் கூடிச் சேர்ந்தவை. நீர், மின்சாரம் ஆகியவற்றின் பங்கீடு பற்றி மாநிலம் கவலையோடு பேசிக்கொண்டிருக்கும் வேளையில், பிழையாகப் படித்த ஒரு திரையை நம்பி ரேம் வாங்குவதைத் தனி அலுவலகத்தின் சொந்தச் செலவாக மட்டும் நான் பார்க்கவில்லை.

பணித்தொகுதி உண்மையிலேயே பெருகிவிட்ட பொறிக்கு ரேம் வாங்கித்தான் ஆக வேண்டும். எஸ்ஐ நாள் முழுதும் ஓய்வதில்லை, பிஎஸ்ஐ ஒவ்வொரு வேலை நேரத்திலும் எழுகிறது, நகலெடுப்போ அறிக்கையோ எதுவும் ஓடவில்லை என்றால் வேறு வழி தேடுவது வீண். அளந்து பார்த்து வாங்கிய ரேமுக்கு நான் எதிரியில்லை.

அந்த அலுவலகத்தில் செய்தவை இவை. நகலெடுப்பை ஞாயிறு அதிகாலைக்கு மாற்றினோம். அதைத் தனிக் கூண்டுக்குள் 1 ஜிபி எல்லையோடு ஓடவிட்டோம். அது எழுப்பும் கேஷ் அந்தக் கூண்டுக்குள்ளேயே சுழன்று தீரும், தரவுத்தளத்தின் பக்கங்களைத் தள்ளாது. அழுக்குக்கு 256 எம்பி என்று நேரடி எல்லை வைத்தோம். ஸ்வாப்பைப் பழைய சிறு எஸ்எஸ்டி ஒன்றுக்கு நகர்த்தி, திருகை 10 ஆக்கினோம். ரேமுக்கான விலைப்புள்ளி திரும்பிப் போனது. அடுத்த வெள்ளி காலை 9 மணிக்கு நான் அவர்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிஎஸ்ஐ சுழியத்தில் இருந்தது. திங்கள் காலையிலும் இருந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, நினைவகம் முன்போலவே 98 விழுக்காடு நிரம்பியிருந்தது. ஸ்வாப்பில் 1.8 ஜிபி அசையாமல் கிடந்தது, எஸ்ஐ ஒரு பக்கத்தைக்கூட அதிலிருந்து கேட்கவில்லை.